மூக்குப் போன மச்சினன்

எனக்குச் சிப்ஸ் அவ்வளவாகப் பிடிக்காது, சார். ஆனால் என் பிள்ளைகளுக்கு அது உயிர். அதில் ஆரம்பித்ததுதான் இவ்வளவும்.

என் மனைவி பாக்கெட்டுக்கு உள்ளே இருப்பதைத் தின்னும் முன் பின்னால் இருப்பதைப் படிக்கிறவள். ஒருநாள், "இந்த 319 என்னது? இதைக் கலக்குற புண்ணியவான் யாரு?" என்று கேட்டாள். நான்தான். பதினொரு வருடமாக அந்தச் சிப்ஸ் தொழிற்சாலையில் எண்ணெய்த் தொட்டிக்கு அந்தப் பவுடரை நிறுத்துப் போடுகிறவன். ஒரு கிலோ எண்ணெய்க்கு ஒரு கிராமில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. காற்றுப் பட்டு எண்ணெய் காறிப் போவதை அது தள்ளிப் போடும். அளவோடு போட்டால் பயப்பட ஒன்றுமில்லை என்பது எனக்குத் தெரியும். அவள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. மறுநாள் முதல் பவுடரைக் குப்பையில் கொட்டிவிட்டு, போட்டதாக எழுதி வைத்தேன்.

மூன்றாம் மாதம் என் மச்சினனுக்கு மூக்கில் வியர்த்தது. என் மனைவியின் தம்பி. நான்தான் அங்கே சேர்த்துவிட்டேன். விற்பனைக்கு அனுப்பாமல் மாதிரிக்கு எடுத்து வைத்த பாக்கெட்டுகளை வாராவாரம் பிரித்து முகர்ந்து பார்ப்பது அவன் வேலை. "மூக்கு" என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். "மாமா, காறல் வாடை அடிக்குது" என்றான். நானும் முகர்ந்தேன். குப்பென்று அடித்தது. இனிப் பவுடரைப் போட்டாலும் காறினது காறினதுதான்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே. போன மாசம் சளி பிடிச்சுதே, அதுல மூக்கு போயிருக்குமோ?" என்றேன்.

அக்கறை பொய்யில்லை, சார். நானே டாக்டரிடம் கூட்டிப் போனேன். ஒன்றுமில்லை என்றார். சில சமயம் டாக்டருக்கே பிடிபடாது என்று அவனைத் தேற்றினேன். பிறகு ஒவ்வொன்றையும் என்னிடம் நீட்டிக் கேட்டுத்தான் 'நன்று' என்று எழுதினான். கடைகளிலிருந்து சரக்கு திரும்பி வந்தபோது கையெழுத்து அவனுடையது. வேலை போயிற்று. தன் மூக்கால் எனக்குக் கெட்ட பெயர் என்று மன்னிப்பு வேறு கேட்டான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

போன வாரம் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். குழந்தைக்கு வைத்திருந்த பாலை நீட்டி, "புளிச்ச மாதிரி இருக்கு மாமா. இல்ல, என் மூக்குதானா?" என்றான். பால் கெட்டுத்தான் இருந்தது. அதைச் சொன்னால் அவன் மூக்கு நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடுமே.

"நல்லாத்தான் இருக்கு, குடு" என்றேன்.

குழந்தை இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தது. இப்போது தேறிவிட்டது.

எல்லாம் நான் செய்ததுதான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவனிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். ரொம்ப மென்மையான பிள்ளை, சார். நம்புவதற்கு என்னை விட்டால் அவனுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?