ராயபுரத்துக்காக ஆடிய பெத்லகேம்காரர்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் நம் கழகத் தலைவர், மரியாதைக்குரிய அண்ணாச்சி ராமசுப்பு அவர்களே! தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் அணித் தலைவர், தம்பி செங்குட்டுவன் அவர்களே! எண்ணூரிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் கொருக்குப்பேட்டையிலிருந்தும் ஷிப்ட் முடிந்த கையோடு, வீட்டுக்குக்கூடப் போகாமல் வந்து இந்தக் கூடைப்பந்துக் கோர்ட்டின் தரையில் அமர்ந்திருக்கும் என் சொந்தங்களே! கழகச் செயலாளர் எபினேசரின் வணக்கம்.

இந்த மைக் எனக்குப் புதிதல்ல. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் நம் ஆட்டக்காரர்களின் பெயரைச் சொல்லி அழைப்பவன் நான்தான். கடைசியாக ஒரு பெயர் சொல்வேன். அதை நான் சொல்லி முடித்ததே இல்லை. அதற்குள் நீங்கள் போடுகிற கூச்சலில் என் குரல் அமுங்கிப்போகும். இன்று முழுதாகச் சொல்கிறேன். ஈசா ஹன்னா. பாலஸ்தீனத்தில் பிறந்து, மூன்று நாடுகளில் ஆடி, நம் மண்ணுக்கு வந்து, வடசென்னையின் நெடுமரம் என்று நீங்களே பட்டம் கொடுத்த நம் ஈசா ஹன்னா. சென்ற வாரம் அம்மானில், பயிற்சியின்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர், எழவில்லை.

யார் அவர்? சொல்கிறேன், கேளுங்கள்.

பெத்லகேமுக்குப் பக்கத்திலே பெய்த் சாஹூர் என்று ஒரு சிற்றூர். அங்கே ஒரு தேவாலய வளாகத்தில் சிமெண்டுக் கோர்ட். அங்கேதான் அவர் பந்தைத் தொட்டார். மீசை அரும்பும் வயதிலேயே அம்மானில் ஒரு கழகம் அவரை எடுத்தது. பிறகு பெய்ரூட், பிறகு கெய்ரோ. எங்கே போனாலும் ஒரு சீசன், ரெண்டு சீசன். ஒப்பந்தம் முடிந்தால் பெட்டியைக் கட்ட வேண்டும். வெளிநாட்டு ஆட்டக்காரன் என்றால் அவ்வளவுதான் என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார்.

ஆனால் மற்ற வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கு இல்லாத ஒரு கஷ்டம் அவருக்கு இருந்தது. சீசன் முடிந்ததும் அவர்கள் விமானம் ஏறி வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஈசாவின் ஊருக்கு விமானம் கிடையாது. ஜோர்டானில் இறங்கி, எல்லையில் உள்ள ஆற்றுப் பாலம் தாண்டிப் போக வேண்டும். இஸ்ரேல் காவலில் இருக்கும் அந்தப் பாலம் திறந்திருக்க வேண்டும். போனவரைத் திரும்ப வெளியே விட வேண்டும். விடாவிட்டால் சீசன் போகும், ஒப்பந்தம் போகும், ஆட்டமே போகும். கெய்ரோவில் ஆடிக்கொண்டிருந்தபோது அம்மா தவறிவிட்டார். நல்லடக்கத்துக்கு அவரால் போக முடியவில்லை. அன்று மாலை ஆட்டத்தில் அவர்தான் அதிகப் புள்ளி எடுத்தாராம். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் சிரிக்க மாட்டார்.

அப்படிப்பட்டவர் நம்மிடம் வந்தார். நம் கழகம் அப்போதுதான் தொழில்முறை லீக்கில் நுழைந்திருந்தது. ஏஜெண்ட் ஒருவர் வீடியோ அனுப்பினார். அண்ணாச்சி பார்த்துவிட்டு, "இவன வரச் சொல்லுவே" என்றார். வந்த முதல் நாள் என் வீட்டு நிலைப்படியில் நெற்றியை இடித்துக்கொண்டார். கொருக்குப்பேட்டையில் நம் பையன்களுக்கெல்லாம் மெஸ் நடத்தும் ராஜாத்தி அக்காவிடம் சாப்பிட அழைத்துப் போனேன். அக்கா அண்ணாந்து பார்த்தது.

"இன்னா எபி, லைட் கம்பத்த இட்டுகினு வந்துகீற? இதுக்கு நான் எவ்ளோ சோறு வடிக்கிறது?"

"பெத்லகேம்காரர் அக்கா. பேர் ஈசா."

"ஏசு சாமி பொறந்த ஊரா? பேரு ஈசனா?" அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டது. "அப்போ ரெண்டு சாமியும் ஒண்ணா வந்துகீதே! குந்துப்பா, குந்து."

அக்கா, நீங்கள் அங்கே ஓரமாக நிற்பது தெரிகிறது. அழாதீர்கள் என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

முதல் சீசனில் அவர் ஆடிய ஆட்டத்தை நான் வருணிக்க வேண்டுமா? பலகைக்குக் கீழே அவர் நின்றால், பட்டுத் திரும்பும் ரீபவுண்டுப் பந்து எதிரணிக்குக் கிடைத்ததா? டிவிக்காரர் ஒருவர் ஆங்கிலத்தில், "உங்கள் ஊரைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று மைக்கை நீட்டினார். இவர், "நம்ம ஏரியா ராயபுரம், மாமு" என்றார். அண்ணாச்சியையே 'மாமு' என்று கூப்பிட்டவர் உலகத்தில் இவர் ஒருவர்தான். அண்ணாச்சியும் அதற்கு 'என்னடே' என்று பதில் சொன்னார்!

சீசன் முடிந்தது. அவர் பெட்டி கட்டுகிற நேரத்தில் பாலஸ்தீனத்தில் போர் மூண்டது. பெத்லகேமில் அவருடைய அக்கா நஜ்வா மட்டும்தான் இருந்தார். போனில் அக்கா சொன்னாராம், "இப்போது வராதே. வந்தால் வெளியே போக முடியாது. உன் ஆட்டம் இங்கேயே செத்துப்போகும்." ஈசா என் வீட்டு மாடி அறையில் தங்கினார். அந்த நேரத்தில் குவைத்திலிருந்து ஓர் அழைப்பு வந்தது. பெரிய கழகம். டிசம்பரில் தேர்வு ஆட்டம். அவர் வயதில் அப்படி ஓர் அழைப்பு மறுபடி வராது. டிக்கெட் எடுத்தாயிற்று.

அந்த டிசம்பரை யார் மறப்பீர்கள்? புயல் வந்தது. வெள்ளம் வந்தது. வெள்ளத்தோடு எண்ணெயும் வந்தது. எர்ணாவூரில் வீட்டுக்குள்ளே கறுப்புத் தண்ணீர். செங்குட்டுவனின் அம்மா சிவந்தி அம்மாள் வீட்டில் தனியாக மாட்டிக்கொண்டார். சர்க்கரை நோய், நடக்க முடியாது. படகு வருமா வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். ஈசா செருப்பைக் கழற்றினார்.

நான் தடுத்தேன். "வேணாம் ஈசா. கால்ல எதனா கிழிச்சா குவைத் போச்சு."

அவர் செங்குட்டுவனைப் பார்த்தார். "மாமு, வூடு எது? காட்டு."

நமக்கு மார்பு வரை வந்த தண்ணீர் அவருக்கு இடுப்புக்கு மேலே ஏறவில்லை. சிவந்தி அம்மாளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். அந்த நேரத்திலும் அம்மாள், "யப்பா, எண்ணெ வாடை கப்புனு கீது, மூக்க மூடிக்கினு நட" என்று அவருக்குப் புத்தி சொல்லிக்கொண்டே வந்தார். அம்மாளை மேட்டில் இறக்கிவிட்டு மறுபடி போனார். அந்தத் தெருவில் வயதானவர்களும் பிள்ளைத்தாய்ச்சிகளும் அவர் தோள் மேல்தான் வெளியே வந்தார்கள். கடைசி நடையில் தண்ணீருக்குள் கிடந்த தகரம் அவர் பாதத்தைக் கிழித்தது. எண்ணெய்த் தண்ணீர் புண்ணுக்குள் போனது. சீழ் பிடித்து, ஆஸ்பத்திரியில் சேர்த்து, அறுத்துத் தைத்தார்கள். பாதத்தைக் காப்பாற்றியதே பெரிது என்றார் டாக்டர். குவைத் கழகம் வேறு ஆளை எடுத்துக்கொண்டது.

தியாகி என்று பேசிவிட்டுப் போவது எனக்குச் சுலபம். அது உண்மை ஆகாது. குவைத் செய்தி வந்தபோது அவர் அழுதார். ஊன்றுகோலைச் சுவரில் வீசி அடித்தார். அரபு மொழியில் யார் யாரையோ திட்டினார். அதில் நானும் இருந்திருப்பேன். இரண்டு நாள் கதவைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் சிவந்தி அம்மாள், தானே நடக்க முடியாதவர், ஆட்டோ பிடித்து வந்து, மாடிப்படியில் உட்கார்ந்தபடி ஒவ்வொரு படியாக ஏறிப் போய்க் கதவைத் தட்டினார். "தெற ஈசா. நெத்திலி கொயம்பு எட்த்தாந்துகீறேன். ஆறிப்போவுது." கதவு திறந்தது. உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அப்போது அவருக்குத் தெரிந்த தமிழ் கொஞ்சம்தான். பாத்திரம் மட்டும் காலியாகக் கீழே வந்தது.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவர் ஊரில் விளக்கு ஏற்றவில்லை. போர் நடக்கும்போது கொண்டாட்டம் வேண்டாம் என்று பெத்லகேமே இருட்டாக இருந்தது. ராயபுரத்தில் வழக்கம்போல் வீட்டுக்கு வீடு ஸ்டார் தொங்கியது. என் மனைவி தேவகிருபைக்கு மனசு கேட்கவில்லை. எங்கள் வாசலில் தொங்கிய ஸ்டாரை அணைக்கப் போனாள். காலில் கட்டோடு உட்கார்ந்திருந்தவர் கையைக் காட்டித் தடுத்தார். "எரியட்டும் அக்கா. போட்டோ எடுத்து நஜ்வாவுக்கு அனுப்பணும்." தெரு முழுக்க நொண்டிக்கொண்டே போய், ஒவ்வொரு வாசலிலும் நின்று, நட்சத்திரங்களைப் படம் எடுத்தார். பெத்லகேமில் ஒரு பெண் இருட்டில் உட்கார்ந்துகொண்டு நம் தெரு விளக்குகளைப் பார்த்தாள். 

அடுத்த ஒப்பந்தம் வந்தது. அண்ணாச்சி கோபிக்கக் கூடாது, கமிட்டியில் நடந்ததைச் சொல்கிறேன். "எனக்கும் அவன் மேல பாசம் இருக்குவே. ஆனா குதிக்க முடியாத ஆள வச்சு லீக் ஆட முடியுமா?" என்று கேட்டார் அண்ணாச்சி. நியாயமான கேள்விதான். அப்போது நம் செங்குட்டுவன் எழுந்தார். "அண்ணாச்சி, எங்கம்மாவ அவரு தூக்கினாருன்னு நான் பேசல. அது வேற. எதிராளி பந்து எங்க வுடப்போறான்னு கோர்ட்ல அவருக்குத்தான் மொதல்ல தெரியுது. குதிக்க நாங்க கீறோம். நிக்க அவரு வேணும்." அண்ணாச்சி ஒப்பந்தத் தாளை மறுபடி எடுத்துப் படித்தார். பிறகு, "சரிடே, கையெழுத்து வாங்கு" என்றார்.

அந்த சீசனில் ஈசா பாதி ஆட்டங்களில் பெஞ்சில் இருந்தார். முகம் சுளித்தாரா? தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார், கத்தினார், கை தட்டினார், கடைசிக் குவார்ட்டரில் இறங்கினார். இறங்கி நின்றார். எதிரணி மோதி மோதிப் பார்த்தது. அந்த மரம் அசையவில்லை. வடசென்னை அணி முதல் முறையாக இறுதி ஆட்டத்துக்குப் போனது!

இறுதி ஆட்டத்தில் என்ன ஆனது என்று உங்களுக்குத் தெரியும். ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். கடைசி நொடியில் ஈசாவுக்கு, தடுக்க ஆள் இல்லாத இரண்டு ஃப்ரீ த்ரோ. இரண்டும் வளையத்தில் பட்டு வெளியே வந்தன. தோற்றோம். இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அவர் அங்கேயே மண்டியிட்டார்.  அப்போது மேல் கேலரியிலிருந்து யாரோ ஒருவர், இங்கேகூட இருப்பீர்கள், கத்தினீர்கள்: "வுடு மாமு! நம்மாளு நீ! எந்திரி!" அவ்வளவுதான். அரங்கமே எழுந்து 'எந்திரி, எந்திரி' என்றது. அவர் எழுந்தார். அன்று அவர் என்னிடம் சொன்னார், "பல ஊர்களில் ஆடியிருக்கிறேன், ஜெயித்தபோது தூக்கியிருக்கிறார்கள், தோற்றபோது இப்படி எங்கேயும் நடக்கவில்லை."

மறுநாள் ராஜாத்தி அக்கா மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மற்ற விஷயங்களை ஈசா ஆங்கிலத்தில் பேசுவார். மனசுக்குள் இருப்பதை நம் தமிழில்தான் சொல்வார்.

"எபி, நான் வூட்டுக்குப் போறேன்."

"திரும்ப வர முடியலேன்னா? ஆட்டம்?"

"வர முடியலேன்னா வூட்ல இருப்பேன்." சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "அம்மா கல்லறைய நான் இன்னும் பாக்கல எபி."

ஆட்டம் போய்விடும் என்று பயந்து பயந்து வாழ்நாளெல்லாம் வெளியே நின்ற மனிதர், முதல் முறையாக ஆட்டத்தை விட்டுவிட்டு வீட்டைத் தேர்ந்தெடுத்தார். நாங்கள் எல்லோரும் போய் விமானம் ஏற்றினோம். அம்மானில் இறங்கினார். பாலம் மூடியிருந்தது. திறப்பதும் மூடுவதுமாக இருந்தது. இவர் முறை வரும்போதெல்லாம் மூடியது. காத்திருந்தார். சும்மா இருக்க முடியாமல், முதன்முதலில் தன்னை எடுத்த அந்தப் பழைய கழகத்தின் கோர்ட்டுக்குத் தினமும் ஆடப் போனார். அங்கேதான் சாய்ந்தார். வயது முப்பத்தாறு.

நஜ்வா அம்மையார் எங்களிடம் பேசினார். உடலுக்கு அனுமதி கிடைத்ததாம். பாலத்தின் மறுபக்கத்தில் அவர் நின்று பெற்றுக்கொண்டாராம். அம்மாவின் பக்கத்திலேயே வைத்துவிட்டார்களாம். உயிரோடு இருக்கும்போது திறக்காத வழி...  

தோழர்களே! அழுதுவிட்டுக் கலைந்து போவதற்கா கூடினோம்? நம் கழகம் ஆண்டுதோறும் பொங்கலை ஒட்டி அழைப்புப் போட்டி நடத்துகிறது. மங்களூரிலிருந்து வருகிறார்கள், கொழும்பிலிருந்து வருகிறார்கள். நேற்று கமிட்டி கூடி ஒரு முடிவு எடுத்தது. அண்ணாச்சியே முன்மொழிந்தார். வருகிற போட்டிக்குப் பெய்த் சாஹூர் அணியை அழைக்கிறோம். அவர்களுக்கு மெஸ் ராஜாத்தி அக்கா பொறுப்பு. தங்க வீடு கொடுப்பதாக எர்ணாவூர்த் தெருக்காரர்கள் இப்போதே என்னிடம் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

வர முடியுமா என்று கேட்கிறீர்களா? எனக்குத் தெரியாது. பாலம் மூடியிருக்கலாம், விசா கிடைக்காமல் போகலாம். வராவிட்டால் அடுத்த ஆண்டும் அழைப்போம். அதற்கடுத்த ஆண்டும் அழைப்போம். எனக்குப் பிறகு இந்த மைக்கைப் பிடிக்கிறவர் அழைப்பார். ஒவ்வோர் ஆண்டும் ஆட்டப் பட்டியலில் அந்த அணியின் பெயர் இருக்கும். குறித்த நேரத்துக்கு நம் பையன்கள் உடை மாற்றிக்கொண்டு கோர்ட்டில் இறங்குவார்கள். எதிரே ஆள் இல்லாவிட்டாலும் இறங்கி நிற்பார்கள்.

என்றைக்கோ ஒரு நாள் அவர்கள் வந்து எதிரே நிற்பார்கள். அன்று, சொந்தங்களே, ஒரே ஒரு நாள் மட்டும், நீங்கள் எதிரணிக்காகக் கத்த வேண்டும்.