மூணு நிமிஷ அண்ணன்

மேடையில் வீற்றிருக்கும் இயக்குநர் அவர்களே, விற்பனைத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் மகளின் கையைப் பிடித்தபடி அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, உடுப்பு மாற்றக்கூட நேரமில்லாமல் சோதனைக்கூடத்திலிருந்து அப்படியே ஓடி வந்திருக்கும் தோழர்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

நம் தாங்குதிறன் சோதனைப் பிரிவின் முன்னாள் தலைவர், இருபத்திரண்டு ஆண்டுகள் எனக்கு மேலதிகாரி, அதைவிட மேலாக எனக்கு அண்ணன். அவருடைய படத்துக்கு முன்னால் நின்று நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போகத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். எழுதியும் கொண்டுவந்தேன். ஆனால், உங்கள் நாற்காலிகளில் ஒரு வழவழப்பான தாள் கிடந்ததே, பார்த்தீர்களா? அதில் நான்காவது வரியைப் படித்ததும் நான் எழுதியதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டேன்.

என்ன சொல்கிறது அந்த வரி? அறுநூறு மணி நேரச் சோதனையில் ஒரு குறையும் இல்லாமல் தேறிய நமது புதிய டர்போ பெட்ரோல் எஞ்சின், அன்னார் நற்சான்று அளித்த வாழ்நாள் சாதனையாம்! அன்னார் நற்சான்று அளித்தாரா? எப்போது அளித்தார்? எந்தப் பேனாவால் அளித்தார்? உயிரோடு இருந்தவரை அவரிடம் வாங்க முடியாத கையெழுத்தை, செத்த ஐந்தாம் நாள் அச்சடித்து நாற்காலிக்கு ஒன்றாக வைத்திருக்கிறார்களே! அந்தச் சான்றிதழில் இருப்பது அவர் கையெழுத்து அல்ல, தோழர்களே. என் கையெழுத்து!

இயக்குநர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார். பார்க்கட்டும், நான் முடித்துவிட்டுத்தான் இறங்குவேன்.

அண்ணன் அந்த எஞ்சினை வெறுத்தார் என்று ஒரு வதந்தி உலவுகிறது. பச்சைப் பொய்! மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர், இரண்டு டர்போ, நானூற்று இருபது குதிரைத்திறன். இரண்டேகால் டன் எஸ்யூவியை ஐந்தே விநாடியில் நூறு கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுபோகும். முதன்முதலாக அதை முழுச் சுமையில் ஓட்டிய அன்று கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று, "இழுக்குது பாருடா, என்னா இழுவை!" என்று குதித்தார். அன்று கூடத்தில் எல்லோருக்கும் அவர் செலவில் டீ.

அவருக்கு 'மூணு நிமிஷ அண்ணன்' என்று பெயர் எப்படி வந்தது என்று புதியவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். முழு வேகத்தில் ஓடிய எஞ்சினை அவர் சட்டென்று அணைக்க விடமாட்டார். எஞ்சினுக்குக் காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ அப்போது கனன்று சிவந்திருக்கும். "ஓடி வந்தவனை உடனே உக்கார வைக்காதீங்கடா. மூச்சு வாங்கட்டும்" என்பார். மூன்று நிமிடம் மெதுவாக ஓடவிடுவோம். எண்ணெய் சுற்றிச் சுற்றிச் சூட்டைத் தணிக்கும். அதற்குப் பிறகுதான் அணைப்போம். எந்தச் சோதனை அட்டவணையிலும் இது எழுதப்பட்டதில்லை. எங்கள் கைகள் தாமாகவே செய்தன.

அறுநூறு மணி நேரம் முடிந்தது. சான்றிதழும் பேனாவும் அவர் மேசைக்கு வந்தன. எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தபோது, அவர் மட்டும் பதிவுத் தாள்களைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு புரட்டினார். முந்நூறு முறை எஞ்சினை நிறுத்தியிருந்தோம். முந்நூறு முறையும், நிறுத்தத்துக்கு முன்னால் மூன்று நிமிடம் மெதுவாக ஓடியதைக் காட்டும் ஒரு தட்டைக் கோடு!

"தப்பு பண்ணிட்டோம்டா தம்பி" என்றார். "நாம எஞ்சினைச் சோதிக்கல. தாலாட்டிட்டோம். வாங்குறவன் தாலாட்டுவானா? காய்ச்சல்ல துவண்டு கிடக்கிற பிள்ளையை வண்டில போட்டுக்கிட்டு வர்றவன், ஆஸ்பத்திரி வாசல்ல மூணு நிமிஷம் எஞ்சினை ஓட விட்டுட்டு உக்காந்திருப்பானா?"

பழக்கம் அவருடையது. ஆகவே தவறும் தன்னுடையது என்று தன் கைப்பட எழுதிக் கொடுத்தார். இந்தக் கட்டடத்தில் அப்படி எழுதிக் கொடுத்த இன்னொரு தலைவரைக் காட்டுங்கள் பார்ப்போம்! அவர் கேட்டது இரண்டே இரண்டு. சட்டென்று அணைத்து அணைத்து மறுபடி ஒரு சோதனை. எஞ்சின் நின்ற பிறகும் டர்போவுக்குத் தண்ணீரைச் சுற்றவைக்கும் சின்ன பம்ப் ஒன்று பழைய வரைபடத்தில் இருந்தது, இடமில்லை என்று அதைத் தூக்கியிருந்தார்கள். அதைத் திரும்பப் பொருத்த வேண்டும். அவ்வளவுதான்.

"வெளியீட்டுத் தேதி சொல்லியாச்சு. இருபத்திரண்டு வருஷமா சரியா இருந்தது இன்னைக்குத்தான் தப்பாயிடுச்சா?" என்று மேலிடத்தில் கேட்டார்கள். ஒரே வாரத்தில் அவரைப் பயனர் கையேடு எழுதும் அறைக்குத் தள்ளினார்கள். அங்கேயும் மனிதர் சும்மா இருந்தாரா? வேகமாக ஓட்டிய பின் மூன்று நிமிடம் கழித்து அணைக்கவும் என்று ஒரு வரி எழுதினார். அதையும் அடித்துவிட்டார்கள். "வேகத்தைச் சொல்லி விக்கிறோம். காத்திருன்னு எழுதினா எவன் வாங்குவான்?" விற்பனைத் தலைவர் அவர்களே, சொன்னது நீங்கள்தான். மறந்திருந்தால் நினைவூட்டுகிறேன்.

பிறகு ஆறு வாரம் விடுப்பு எடுத்தார். விடுப்பு எடுத்துவிட்டுத் தினமும் சோதனைக்கூடத்துக்கு வந்தார்! அவருக்குக் கதவைத் திறந்துவிட்ட இருவரும் இங்கேதான் இருக்கிறார்கள். யாரென்று சொல்ல மாட்டேன். உதிரியாகக் கிடந்த அதே ரக எஞ்சின் ஒன்றை ஓட்டினார், சட்டென்று அணைத்தார், மறுபடி ஓட்டினார். நூற்று முப்பத்தெட்டாவது நிறுத்தத்துக்குப் பிறகு நீலப் புகை வந்தது. பிரித்துப் பார்த்தால், டர்போவின் தண்டைச் சுற்றி எண்ணெய் கருகிக் கட்டிதட்டிப் போயிருந்தது.

அந்தத் தண்டை என்னிடம் கொண்டுவந்தார். அதற்குள் அவருடைய நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். "தொட்டுப் பாருப்பா" என்றார். நான் தொடவில்லை. "ஒரு எஞ்சின்தானேண்ணே. அது மட்டும் கோளாறா இருக்கலாம்ல?" என்றேன். வெட்கமில்லாமல் சொன்னேன்! அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "சரிப்பா" என்று சொல்லிவிட்டு, தண்டை என் மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார். இரண்டு நாள் கழித்து நான் கையெழுத்துப் போட்டேன்.

நேற்று அண்ணியைப் பார்க்கப் போனேன். அவர் சொன்னதை அவர் அனுமதியோடு சொல்கிறேன். நெஞ்சு வலி வந்த காலையில் அண்ணிதான் வண்டியை ஓட்டியிருக்கிறார். அவர்களுடையது பழைய டர்போ வண்டி. ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியும் அண்ணியின் கை சாவிக்குப் போகவில்லை. இத்தனை வருடம் அண்ணன் பழக்கிய கை அல்லவா?

"நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டே என்னைப் பாத்து, 'என்னடி உக்காந்திருக்க, அணைச்சுட்டு இறங்கு'ன்னாரு. அணைச்சேன். உடனே ஒரு சிரிப்பு. 'பாத்தியா, நீயே காத்திருக்கல. தம்பிகிட்ட சொல்லு'ன்னாரு. என்னத்தங்க சொல்றதுன்னு கேக்குறதுக்குள்ள உள்ள கொண்டு போயிட்டாங்க" என்றார் அண்ணி.

அண்ணி, சொல்ல வேண்டியதை நீங்கள் சொல்லிவிட்டீர்கள். எனக்குப் புரிந்துவிட்டது.

இதோ அந்தத் தண்டு. நேற்றுதான் முதன்முதலாகக் கையில் எடுத்தேன். அண்ணனின் படத்துக்குப் பக்கத்தில் வைக்கிறேன், எல்லோரும் தொட்டுப் பாருங்கள். இதோ, சான்றிதழிலிருந்து என் கையெழுத்தைத் திரும்பப் பெறும் கடிதம். இயக்குநர் அவர்களே, உங்களிடமே தருகிறேன். வெளியீட்டுக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. இன்னும் ஒரு வண்டிகூட யார் வீட்டுக்கும் போகவில்லை. நாளை முதல் எனக்கு நாற்காலி இருக்காது, தெரியும். அண்ணனுக்குக் கதவு திறந்த இருவர் எனக்கும் திறப்பார்கள். அவர் விட்ட இடத்திலிருந்து நான் தொடர்வேன். இது அவர் மீது ஆணை!

நிகழ்ச்சி நிரலில் அடுத்ததாக மூன்று நிமிட மௌனம் என்று போட்டிருக்கிறார்கள். வேண்டாம் தோழர்களே. அவருக்காக இனி யாரும் மூன்று நிமிடம் நிற்க வேண்டாம். நான் இப்போதே சோதனைக்கூடத்துக்குப் போகிறேன், வருகிறவர்கள் வாருங்கள்.