குடைக்காரர் வீட்டுக் கல்யாணம்

— அண்ணே, கெஞ்சிக் கேட்டுக்கறேன். கல்யாணப் பத்திரிகையில அந்த ஒரு வார்த்தையை மட்டும் தூக்கிடுங்க.

— நல்லா இருக்கே தம்பி! நான் பாட்டுக்கு மை ஊத்தி மெஷினை ஓட்டப்போற நேரத்துல வந்து நிக்கிறீங்க. காலையில உங்க அம்மா வந்து, "குடைக்காரர் வீட்டுத் திருமணம்"னு கொட்டை எழுத்துல போடணும்னு சொல்லிட்டுப் போனாங்களே!

— அம்மாவுக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவாங்க. பள்ளிக்கூடத்துல மாட்டிக்கிட்டு முழிச்சது நான்தானே? வானம் லேசா இருட்டினா போதும், வாத்தியாரே கேப்பார், "என்ன குடைக்காரரே, இன்னைக்கு மழை உண்டா?"ன்னு. வகுப்பே உருண்டு சிரிக்கும்.

— கோச்சுக்காதீங்க, எனக்கும் சிரிப்பு வருது. உங்க வீட்ல குடை வியாபாரமா?

— எங்க வீட்ல மொத்தமே ஒரு குடை. அதுலயும் ரெண்டு கம்பி ஒடிஞ்சது. தாத்தா காலத்துல ஒட்டிக்கிட்ட பேருண்ணே. கொளுத்துற வெயில்லயும் குடையும் கையுமா திரிவாராம் மனுஷன். எதுக்குன்னு வீட்ல ஒருத்தருக்கும் தெரியாது. நான் பொறக்கறதுக்கு முன்னாடியே போயிட்டார்.

— சரி, பொண்ணு என்ன சொல்லுது?

— அவளுக்கு இந்த விஷயமே தெரியாது. என் பேருக்கு முன்னாடி "கு" இருக்கே, அது என்னன்னு கேட்டா. ஊர்ப் பேருன்னு மழுப்பிட்டேன்.

— அடப்பாவி! கட்டிக்கப்போற பொண்ணுகிட்டயேவா?

— பின்ன? கல்யாணமானா அவளையும் "குடைக்காரி"ன்னுதானே கூப்பிடுவாங்க? நர்சு வேலை பார்க்கறவ. நாலு பேருக்கு முன்னாடி நடமாடறவ. நான் பட்டதே போதும், அவளுக்கும் எதுக்கு?

— அப்ப அதைப் பொண்ணுகிட்டயே சொல்லிடுங்க. நர்சு சேலையோட வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு இருக்கு பாருங்க.

— ஐயோ!

— என்னங்க ஐயோ? பேயைப் பார்த்த மாதிரி நிக்கறீங்க? டியூட்டி முடிஞ்சு சேலையைக்கூட மாத்தாம ஓடி வர்றேன். அண்ணே, பத்திரிகை ஆயிடுச்சா? காட்டுங்க, காட்டுங்க!

— வேணாம்ணே, இன்னும் மை காயல...

— மாதிரிக்கு ஒண்ணு அடிச்சு வச்சிருக்கேன், மையெல்லாம் எப்பவோ காஞ்சிடுச்சு. நீ பாரும்மா.

— "குடைக்காரர் வீட்டுத்..." நிஜமாவா? யாருங்க இது, குடைக்காரர்?

— நாங்கதான். "கு"ன்னா ஊரும் இல்ல, ஒண்ணும் இல்ல. பொய் சொல்லிட்டேன். திட்டணும்னா இங்கயே திட்டிடு. அதை எடுக்கச் சொல்லத்தான் வந்தேன்.

— இருங்க, இருங்க. யாருக்கு வந்த பேரு இது?

— தாத்தாவுக்கு. உங்க ஆஸ்பத்திரியிலதான் வாட்ச்மேனா இருந்தார், பழைய கேட்டுல. தாத்தாவைப் பத்திப் பேச்செடுத்தா பேரும் வெளிய வந்துடும்னுதான் உன்கிட்ட சொல்லல.

— நிஜமாவா! அண்ணே, எனக்கு ஒரு ஸ்டூல் போடுங்க.

— என்னாச்சும்மா? தண்ணி வேணுமா?

— ஒண்ணுமில்லண்ணே. சிரிப்பும் வருது, அழுகையும் வருது. எதை முதல்ல விடறதுன்னு தெரியல. ஏங்க, எங்க ஆஸ்பத்திரியில குடைக்காரர்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு?

— அங்கயும் கிண்டலா?

— கிண்டலாவது! துணைக்கு ஆள் இல்லாம யாராவது வந்தா, உடனே குரல் வரும், "இன்னைக்குக் குடைக்காரர் யாருப்பா?"ன்னு. அன்னைக்கு யார் முறையோ, அவங்க கூடவே போகணும். சீட்டு வாங்கிக் குடுத்து, டாக்டரைப் பார்க்க வச்சு, கட்டில்ல படுக்க வச்சு, அவங்களா கையை விடற வரைக்கும் பக்கத்துலயே இருக்கணும். டாக்டரானாலும் சரி, தரை துடைக்கறவங்களானாலும் சரி, எல்லாருக்கும் முறை உண்டு.

— அதுக்குப் போய் ஏன் அந்தப் பேரு?

— முன்ன கேட்டுல ஒருத்தர் இருந்தாராம். தனியா வர்றவங்களைப் பார்த்தா, வெயிலோ மழையோ, குடையைப் பிடிச்சு மைதானம் தாண்டி வார்டு வரைக்கும் கொண்டுபோய் விடுவாராம். புதுசா சேர்றவங்களுக்குப் பெரிய சிஸ்டர் முதல்ல சொல்றதே இதைத்தான். அவருக்கு ஒரு பேரன் இருக்கான், அந்தப் பேரை மறைச்சிக்கிட்டுத் திரியறான்னு எங்க யாருக்குங்க தெரியும்!

— எங்க தாத்தாவா... எங்க வீட்ல ஒருத்தர்கிட்டகூட சொல்லலையே மனுஷன்!

— தம்பி, கண்ணைத் துடைங்க, பத்திரிகை மேல சொட்டுது. மெஷின் வேற சும்மா நிக்குது. வார்த்தை இருக்கணுமா, போகணுமா?

— இருக்கட்டும்ணே. இன்னும் பெரிசாப் போடுங்க. ஆனா ஒண்ணும்மா. நாளைக்கு வெளிய யாராவது உன்னைக் "குடைக்காரி"ன்னு கூப்பிட்டா, நீ மனசு கஷ்டப்படக் கூடாது.

— நாளைக்கா? யார் தனியா வந்தாலும் முறைகூடப் பார்க்காம நானே ஓடிடறேன்னு, சேர்ந்த புதுசுலயிருந்தே ஆஸ்பத்திரி பூரா என்னைக் கூப்பிடறது அப்படித்தாங்க!