ஆளை இறக்காமல் திரும்பி வந்த கோமதியம்மாவுக்கு

கோவிந்தாபுரம் தந்த கோபுரமே! கூலிக்குப் போவோரின் காவலே! எவன் மிரட்டினாலும் எதிர்த்து நிற்கும் எங்கள் கோமதியம்மா அவர்களே, வணக்கம்!

ஆள்சேர்ப்பு நிறுவனத்தார் சங்கம் இவ்வாண்டின் சிறந்த நிறுவனர் விருதை உங்களுக்குத் தந்திருக்கிறது. அந்தக் கேடயத்தோடு இன்று ஓய்வும் பெறுகிறீர்கள். கேடயத்தில், ‘கேட்ட நேரத்தில் கேட்ட ஆளைத் தந்தவர்’ என்று பொறித்திருக்கிறார்கள். பொறித்தவர்கள் மன்னிக்கட்டும், அது முழுப் பொய். கேட்டவனுக்கெல்லாம் ஆள் தராத உங்கள் திமிரைத்தான் நாங்கள் போற்றுகிறோம்!

ஓட்டலோ எஸ்டேட்டோ, எங்களை அனுப்பும் முன் நீங்கள் தனியே போவீர்கள். வேலைக்காரர் சோற்றை ஒரு வேளை உண்பீர்கள். குளியலறைக்குள் நின்று கதவைச் சாத்திப் பார்ப்பீர்கள். பீர்மேட்டு எஸ்டேட் விடுதிக்கு மட்டும், காய்ச்சலில் முன்னதாகப் போக முடியாமல், எங்களோடு ஒரே ஜீப்பில் வந்தீர்கள். அங்கே குளியலறைக்குக் கதவே இல்லை. சாக்குப் படுதா தொங்கியது.

“ஏனுங்க, கதவு எங்கீங்க?” என்றீர்கள்.

“களை பறிக்கிறவங்கதானே, அட்ஜஸ்ட் பண்ணிக்குவாங்க” என்றார் விடுதி மேனேஜர்.

“உங்க ஊட்டுக்காரம்மா இதுல ஒரு நாள் குளிக்கட்டுங்க. மறுநாள் எங்க புள்ளைகளை இறக்கறேன்.”

“இனி மலைமேல உனக்கு ஒரு ஆர்டரும் கிடைக்காது!”

“ராமாத்தா, பையைத் தூக்கி வண்டியில போடு!” என்று எங்களில் ஒருத்தியை ஏவினீர்கள்.

அவர் சொன்னபடியே ஆர்டர்கள் நின்றன. ஆபீஸ் போன் தூங்கிய அந்த மாதங்களில் முதலமடை மாந்தோப்புகளில் எங்களுக்கு வேலை பிடித்துத் தந்தீர்கள். கூடவே வந்து கூடையும் தூக்கினீர்கள். தூக்கத் தெரியாமல் மாங்காயைக் கொட்டி, தோப்புக்காரரிடம் திட்டு வாங்கினீர்கள். அன்று நாங்கள் சிரித்த சிரிப்பு உங்களுக்கும் மறந்திருக்காது!

இனி நிறுவனம் பினு சார் கையில். அவர் மேடையில்தான் இருக்கிறார், நன்றாகக் கேட்கட்டும். “நேரில் போய்ப் பார்ப்பது வீண் வேலை, போட்டோ வாங்கினால் போதும்” என்று நேற்று சொன்னார். திங்கட்கிழமை அதே பீர்மேட்டு விடுதிக்குப் பெண்களை ஏற்றப் போகிறாராம்.

பினு சார் அவர்களே! ஞாயிறன்று முதல் பஸ்ஸிலேயே ராமாத்தாள் அங்கே போகிறாள். உண்பாள், குளிப்பாள், இரவு தங்குவாள். அவள் போனில் ‘வாங்க’ என்றால் நாங்கள் ஏறுவோம். இல்லையென்றால் காலி ஜீப்பை ஓட்டிக்கொண்டு நீங்களே போய் வாருங்கள்.

அம்மா! நோயின்றி, குறையின்றி, நூறாண்டு தாண்டியும் வாழுங்கள். எங்களுக்காக இனி மலை ஏற வேண்டாம், காலை நீட்டிப் படுங்கள். போய்ப் பார்த்துவர எங்களிடமே ஆள் இருக்கிறது.

இப்படிக்கு,
தொழிலாளர்கள் அனைவர் சார்பில்
முத்தாத்தாள்
கோவிந்தாபுரம்