இருவருக்கும் நடுவே என் கடை

முதலில் அந்த மீன் உருண்டையைச் சாப்பிடு, மான். ஆறினால் ரப்பராகிவிடும்.

ஷாம் ஷுய் போ சந்தையில் என் மீன்கடைக்கு இந்தப் பக்கம் உன் அம்மா லாய்-குவெனின் டோஃபு, அந்தப் பக்கம் சுக்-யிங்கின் கீரை. இரண்டு பேரும் என் தலைக்கு மேலேயே பேசிச் சிரிப்பார்கள். ஞாயிறு காலையில் கைகோத்துக்கொண்டு டீ குடிக்கக் கிளம்புவார்கள். என்னை ஒரு பேச்சுக்குக்கூடக் கூப்பிட்டதில்லை.

ஒருநாள் சுகாதார அதிகாரி வந்து சுக்-யிங்கின் கீரையை அள்ளிப்போனார். நான் அவள் காதோடு சொன்னேன்: "லாய்-குவென் உன் முதுகைக் குத்திட்டாடி. நீ அழுகின கீரை விக்கிறேன்னு போட்டுக் குடுத்ததே அவதான்."

புகார் கொடுத்தது நான். செத்த பூனையைத் தின்றவள் என்று நம் ஊரில் சொல்வார்களே, அது உன் அம்மா. பழி முழுக்க அவள் தலையில்.

அன்றைய சண்டையை நீ பார்த்திருக்க வேண்டும்.

"மூஞ்சியப் பாரு, கருகின சட்டியாட்டம்."

"உன் கீரைய விட உன் நாக்குதான்டி அழுகிக் கெடக்கு."

அதன்பின் பேச்செல்லாம் என் வழியாகத்தான். "சமாதானமாப் போயிடலாம்னு சொல்லு" என்பாள் உன் அம்மா. நான் சுக்-யிங்கிடம் போய், "உன் பேச்சு பல்தடமாட்டம் பதிஞ்சு இன்னும் ஆறலையாம், சாகிறவரை மறக்கமாட்டாளாம்" என்பேன். சனிக்கிழமை ஒருத்தியோடு டீ, ஞாயிற்றுக்கிழமை மற்றவளோடு. இறால் கொழுக்கட்டையை அவர்களே எடுத்து என் தட்டில் வைப்பார்கள். அந்த மாதங்களில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மீன் செதில் சுரண்டும்போதுகூடப் பாட்டு வந்தது.

பிறகு உன் அம்மா ஆஸ்பத்திரியில் படுத்தாள். "அவளை ஒரு தடவை வரச் சொல்லு, கம்-மூய். திட்டறதுக்காவது வரட்டும்."

நான் சுக்-யிங்கிடம் சொன்னேன்: "உன் நிழல்கூட அங்க விழக்கூடாதாம்." அவள் கீரைக்கட்டுகளுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதாள். முதுகைத் தடவிக் கொடுத்தேன். அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்து, "வரமாட்டாளாம்" என்றேன். அப்படியும் உன் அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் கஞ்சி ஊட்டினேன். என் கையைப் பிடித்தபடிதான் கண்ணை மூடினாள்.

நேற்று சடங்கு மண்டபத்துக்கு வெளியே சுக்-யிங் நின்று அழுததைப் பார்த்துவிட்டு வந்து கேட்கிறாய். மறைக்க என்ன இருக்கிறது. ஆமாம், எல்லாம் நான்தான். ஆனால் யோசித்துப் பார், கடைசியில் உன் அம்மா பக்கத்தில் இருந்தது யார், அவளா, நானா?

அவளிடம் மட்டும் சொல்லிவிடாதே, மான். பாவம், இனி என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?