மேயர் கண்டிப்பாக வருவார்

என் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று சொன்னீர்கள். நன்றி. மேயரின் நிகழ்ச்சிக் குறிப்பேட்டைப் பதினான்கு வருடங்களாக நான்தான் எழுதிவருகிறேன். நேரம் உறுதியாகும்வரை பென்சில், உறுதியானதும் நீல மை. அடித்தல் திருத்தல் எதையும் பார்த்திருக்க மாட்டீர்கள், கடைசிப் பக்கத்தைத் தவிர.

எங்கள் ஊர் சின்னது. சின்ன ஊர் மேயருக்குத்தான் வேலை அதிகம். ரத்ததான முகாம், பள்ளி ஆண்டு விழா, புதுப் பேருந்து நிறுத்தம், முதியோர் இல்லத்தில் யாருக்காவது நூறாவது பிறந்தநாள். யார் கூப்பிட்டாலும் அவர் சொல்வது ஒரே வார்த்தை. "வரேன்." சொன்னதைப் பத்து நிமிடத்தில் மறந்துவிடுவார். அதை நினைவில் வைத்து அவரைக் கொண்டுபோய் நிறுத்துவது என் வேலை. இந்த வேலைக்கு நானாகக் கேட்டுப் போகவில்லை. தட்டச்சுப் பிரிவில் இருந்தவளை அவரே பெயர் சொல்லி அழைத்தார். பழைய பழக்கம்.

அந்தப் பழக்கத்தைத்தானே கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

நாற்பது வருடம் முன்பு அவர் ஒரு வக்கீலிடம் உதவியாளராக இருந்தார். தினமும் நாலு மணிக்கு எங்கள் வீட்டுக்கு வருவார், என் தங்கையைப் பார்க்க. அப்பா அம்மா இல்லை. அவளைப் பள்ளிக்கு அனுப்பி, தலைவாரி, காய்ச்சலுக்குக் கஞ்சி வைத்து வளர்த்தவள் நான். ஒருநாள் ஒரு மாதப் பயிற்சிக்கு வெளியூர் கிளம்பினார். வாசலில் நின்று அவளிடம், "போயிட்டு வரேன்" என்றார். வரவில்லை.

தங்கை அழுது ஆர்ப்பாட்டம் செய்யவில்லை. நாலிலிருந்து ஐந்துவரை வீட்டைவிட்டு வெளியே போகமாட்டாள், அவ்வளவுதான். கடைக்குப் போனாலும் மூன்றரைக்குத் திரும்பிவிடுவாள். பல் மருத்துவர் நாலேகாலுக்கு நேரம் கொடுத்தால், "அப்ப பல்லு வலிக்கட்டும், விடுக்கா" என்பாள். வந்த இரண்டு வரன்களையும் வேண்டாம் என்றுவிட்டாள். இப்படியே நாற்பது வருடம்.

போன ஜனவரியில் அவள் போய்ச் சேர்ந்தாள். மேயர் வந்திருந்தார். வெளியே கார் இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் தலைமாட்டில் நான்கு நிமிடம் நின்றார், எல்லா நிகழ்ச்சிகளிலும் நிற்பதுபோல. பிறகு என் பக்கம் திரும்பிக் கைகூப்பி, "போயிட்டு வரேன்" என்றார்.

சாவு வீட்டில் அப்படி யாரும் சொல்லிக்கொண்டு போவதில்லை. சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். பக்கத்தில் இருந்த பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவருக்கு உறைக்கவே இல்லை. வாய்ப்பழக்கம். அவளிடம் சொன்னதும் வெறும் வாய்ப்பழக்கம்தான் என்று எனக்கு அப்போது புரிந்தது. இனி இவர் வாயால் சொன்ன ஒவ்வொரு 'வரேன்'னையும் நடத்திக் காட்டவைப்பது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

மார்ச்சில் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. மருத்துவரின் கடிதம் குறிப்பேட்டை வைத்திருக்கும் எனக்குத்தான் வந்தது. ஒரு நாளைக்கு இரண்டு நிகழ்ச்சிதான். படி ஏறக் கூடாது, வெயிலில் நிற்கக் கூடாது. மதியம் இரண்டிலிருந்து நாலுவரை கட்டாய ஓய்வு. என் மேசை இழுப்பறையில் நீங்கள் கண்டெடுத்தது அந்தக் கடிதம்தான். வேறு யாருக்கும் நான் காட்டவில்லை.

அவர் மனைவி போன் செய்தார். "அக்கா, நீங்க சொன்னாத்தான் கேப்பாரு. அந்த ரெண்டு மணி நேரத்த மட்டும் யாருக்கும் குடுத்துடாதீங்க." நல்ல பெண். நான் வீட்டுக்கு ஒரு தனிப் பிரதி அனுப்ப ஆரம்பித்தேன். அதில் தினமும் இரண்டு முதல் நாலுவரை 'ஓய்வு' என்று இருக்கும். என் குறிப்பேட்டில் அந்த இரண்டு மணி நேரத்தில் மூன்று நிகழ்ச்சிகள் இருக்கும். இதற்காக நான் பொய் அழைப்பு எதையும் உருவாக்கவில்லை. முன்பு நாசூக்காகத் தட்டிக்கழித்தவர்களுக்கெல்லாம் இப்போது, "மேயர் கண்டிப்பா வருவார்" என்று சொன்னேன். ஊரே சந்தோஷப்பட்டது.

ஓட்டுநருக்கு மட்டும் சந்தேகம். "என்னம்மா, நாய்க் கண்காட்சி, நடைபாதை, நீச்சல் போட்டி. அடுத்து என்ன, யாராவது பல் தேய்க்கிறதத் தொடங்கிவைக்கணுமா?" என்றார். மேயரே சிரித்துவிட்டார். "அக்கா நோட்டுல ஏத்திட்டாங்கன்னா தப்பிக்க முடியாதுப்பா" என்றார். ஐந்து மாதத்தில் அவர் சட்டைக் காலர் கழுத்தில் தொளதொளவென்று ஆனது. மேடையில் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு பேசினார். நான் கவனித்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை புதுத் தண்ணீர்த் தொட்டி. நூற்று இருபத்தெட்டுப் படிகள். கீழேயே ஒரு வால்வு இருக்கிறது, அதைத் திருகினால் போதும் என்றார் பொறியாளர். மேலே நின்று கையசைத்தால்தான் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரியும் என்று நான் சொன்னேன். இரண்டரை மணிக்கு வைத்தேன். நல்ல வெயில்.

மேயர் படிகளை அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மேல போய்த்தான் ஆகணுமா?"

"பிள்ளைங்க ஒரு மணி நேரமா காத்திருக்காங்க ஐயா. வருவீங்கன்னு சொல்லிட்டேன்."

"சொல்லிட்டீங்களா. அப்ப சரி." கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "போயிட்டு வரேன்."

தொண்ணூறாவது படிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு சாய்ந்தார். பொறியாளர் கூப்பாடு போட்டார், எல்லோரும் ஓடினார்கள். நான் முதியோர் இல்லத்துக்குப் போன் செய்து மேயர் மூன்றரைக்கு வரமாட்டார் என்று சொல்லிவிட்டு, குறிப்பேட்டில் அந்த வரியை அடித்தேன். அதுதான் நான் அடித்த ஒரே வரி. நீங்கள் இதைக் கொலை என்று எழுதிக்கொள்ளலாம், ஆட்சேபணை இல்லை.

எங்கள் எதிர்வீட்டுத் தையற்காரம்மா உங்களிடம் ஏதோ சொன்னதாகச் சொன்னீர்கள். அவருக்கு வயதாகிவிட்டது, ஆனால் ஞாபகம் சரியாகத்தான் இருக்கிறது. பயிற்சி முடிந்து மேயர் திரும்பி வந்தார். நாலு மணிக்கு வந்தார். தங்கை பின்கட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். "அவ உங்களப் பாக்க விரும்பல, இனி வராதீங்க" என்று நான் சொன்னேன். மறுவாரமும் வந்தார், அதையே சொன்னேன். அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் அவரோடு போயிருப்பாள், நான் அந்த வீட்டில் தனியாக என்ன செய்வேன்? ஆனால் நீங்களே யோசித்துப் பாருங்கள். உண்மையான அன்பு இருந்தால் ஒரு மனுஷன் மூன்றாம் தடவையும் வரமாட்டானா? வந்திருந்தால் நானே அவளைக் கூப்பிட்டுவிட்டிருப்பேன்.