மூடியைத் தாங்கியவன்

ஸ்போர்ட்ஸ் காரின் இன்ஜின் மூடியைத் தூக்கி நிறுத்தும் கேஸ் தண்டை மாற்றுவது பெரிய வேலை இல்லை. ஒரு சின்ன ஸ்குரூடிரைவர் போதும். முனையில் இருக்கும் கிளிப்பை நெம்பினால் பழையது கழன்று வந்துவிடும். புதியதை வைத்து அழுத்தினால் டக்கென்று உட்கார்ந்துகொள்ளும். அதுவரை மூடியை மட்டும் யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள், அதனால் இங்கிருந்தே தொடங்குகிறேன்.

என் நண்பன் ரோலி ஹாக்கிங்கின் வண்டி இத்தாலியில் செய்தது. இன்ஜின் இருக்கைக்குப் பின்னால் இருக்கும். அதன் மேல் கண்ணாடியும் தகடுமாக ஒரு கனத்த மூடி. அதைத் தாங்கும் தண்டுகள் இரண்டும் அவன் வாங்கும்போதே கேஸ் கசிந்து தளர்ந்து போயிருந்தன. பழைய தண்டு ஏமாற்றும். தூக்கி நிறுத்தினால் நிற்கும். இன்ஜின் ஓடி வண்டி அதிரத் தொடங்கினால் மூடி மெல்லக் கீழே வரும். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் ரோலி போன் செய்வான், நான் போவேன். அவன் குனிந்து வேலை பார்ப்பான். நான் இரண்டு கையையும் உயர்த்தி மூடியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். எங்கள் பல்லாரட் ஊர்க் குளிரில் விரல் மரத்துவிடும். ஆனால் பேச்சு நிற்காது. என் மனைவி இறந்த பிறகு நான் வாய்விட்டுப் பேசியதெல்லாம் அந்த மூடிக்குக் கீழேதான்.

எங்கள் கார் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. தண்டு தளர்ந்த வண்டிக்காரர்கள் ஆளுக்கொரு துடைப்பக் கட்டை கொண்டுவந்து மூடிக்கு முட்டுக் கொடுப்பார்கள். ரோலி மட்டும் கொண்டுவர மாட்டான்.

"அவனுக்குக் கட்டை எதுக்கு, டெஸ் இருக்கானே" என்பான் பொருளாளர் கிளைவ். "கேஸ் ரொப்ப வேணாம், ஆயில் விட வேணாம். ஒரு மீட் பை வாங்கிக் குடுத்தா நாள் பூரா நிப்பான்."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். எனக்கு அது பெருமையாகவே இருந்தது.

போன பிப்ரவரியில் புதுத் தண்டுகள் வந்தன. ரோலியின் மனைவி நோலாதான் எங்கோ மலிவாகப் பார்த்து வரவழைத்தாள். மாட்டும்போது மூடியைப் பிடித்தது நான். இரண்டாவது தண்டும் உட்கார்ந்ததும் ரோலி நிமிர்ந்தான்.

"கைய எடுடா."

எடுத்தேன். மூடி அப்படியே நின்றது.

"பாத்தியா? இனிமே உன் தோளுக்கு லீவு. வயசான காலத்துல உன்ன நிக்க வெச்சே கொன்னுட்டு இருந்தேன்."

"வலிக்குதுன்னு நான் எப்பவாவது சொன்னேனா?"

"நீ எங்க சொல்லுவ. கால் ஒடிஞ்சாலும் பரவால்லம்ப."

அன்பாகத்தான் சொன்னான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பழைய தண்டுகளைக் குப்பைத் தொட்டியில் போட்டான். கிளம்பும்போது அவற்றை எடுத்துக்கொண்டேன். நல்ல இரும்பு, எதற்காவது ஆகும் என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு போன் வரவில்லை. அதற்கு அடுத்த ஞாயிறும் இல்லை. நானாகவே போய்ப் பார்த்தேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு, டீ கொடுத்து, நன்றாகத்தான் கவனித்தான். ஆனால் அங்கே எனக்கு வேலை இல்லை. அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார முடியும்? கொஞ்ச நாளில் போவதை நிறுத்திவிட்டேன். நான் ஏன் வருவதில்லை என்று அவன் கேட்கவும் இல்லை. வருத்தமாக இருந்தது. அந்த வருத்தமும் பிறகு மரத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் ரேடியோவைப் போட்டுவிட்டுச் சும்மா இருப்பேன்.

ஜூனில் குளிர்காலம் தொடங்கியதும் அதற்குப் பயந்து அவர்கள் இருவரும் வடக்கே வெயில் அடிக்கும் டவுன்ஸ்வில்லில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனார்கள். கோழிகளுக்குத் தீனி போட சாவியை என்னிடம் கொடுத்தார்கள். கோழிகளை ஒழுங்காகவே பார்த்துக்கொண்டேன். ஒரு மத்தியானம் ஷெட்டைத் திறந்து, புதுத் தண்டுகளைக் கழற்றிவிட்டு, பழையவற்றை எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைத்து மாட்டினேன். மாற்றி முடிக்கும்வரை மூடிக்குத் துடைப்பக் கட்டையை முட்டுக் கொடுத்தேன். அது என்னைவிட ஒன்றும் நன்றாகத் தாங்கிவிடவில்லை.

என் எண்ணம் சாதாரணமானது. மூடி இறங்கும். மலிவுச் சாமான் என்று ரோலி திட்டுவான். பிறகு எனக்கு போன் செய்வான். அவ்வளவுதான்.

அவர்கள் திரும்பி வந்த முதல் ஞாயிறு புல்லெல்லாம் உறைபனி. ரோலி தனியாக இருக்கும்போது மூடி இறங்கினால் என்ன ஆவது என்று எனக்குக் கவலை வந்துவிட்டது. கூப்பிடாமலே போனேன். தயவுசெய்து இதையும் எழுதிக்கொள்ளுங்கள். ரோலி கழுத்தில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு ஓடுகிற இன்ஜினுக்கு மேல் நின்றிருந்தான்.

"வந்துட்டியா. எங்கடா போயிட்ட இத்தன நாளா? ஃப்ளாஸ்க்ல டீ இருக்கு, ஊத்திக்க. இந்த பெல்ட் கத்துது பாரு, கேக்குதா?"

"கேக்குது" என்றேன்.

அவன் காதைக் கொடுத்துக் கேட்கக் குனிந்தான். மூடி அவன் மேல் இறங்கி அவனை இன்ஜின் மீது அழுத்தியது. மஃப்ளர் சுழலும் இன்ஜின் பெல்ட்டில் மாட்டிக்கொண்டது. மற்றதை டாக்டர் உங்களிடம் சொல்லியிருப்பார்.

விபத்து என்றுதான் எல்லோரும் முடிவு செய்தார்கள். நோலாவால்தான் அதைத் தாங்க முடியவில்லை. "நான்தான் மலிவா கெடைக்குதுன்னு வாங்கினேன், டெஸ். நானே அவரக் கொன்னுட்டேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். இல்லை, உன் தப்பு இல்லை என்று ஞாயிறு தவறாமல் போய்ச் சொல்கிறேன். நம்ப மாட்டேன் என்கிறாள். அவள் மேல் பழி வருவது நியாயம் இல்லை. அதனால்தான் இங்கே, ஸ்டேஷனுக்கு வந்தேன். புதுத் தண்டுகள் என் வீட்டு கராஜில் இருக்கின்றன, எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது எவ்வளவு தூரத்தில் நின்றேன் என்று கேட்கிறீர்கள். கை எட்டும் தூரம்தான். மூடி ஒரேயடியாக விழவில்லை, முதலில் மெதுவாகத்தான் இறங்கியது. டீக் கோப்பையை பெஞ்சில் வைக்க நேரம் இருந்தது. வைத்துவிட்டு நின்றேன். கைகள் இரண்டும் காலியாகத்தான் இருந்தன. முதுகில் பட்டதும் ரோலிக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்தில் நின்றது நான். ஆனால் அவன் வீட்டுப் பக்கம் பார்த்து "நோலா, நோலா" என்று கத்தினான். என்னைக் கூப்பிட்டிருந்தால் பிடித்திருப்பேன்.